இட்செல் போட்டிருந்த சட்டை

14

ஹசிந்தோ அர்ரியாகாவின் வீட்டில் ஏழு வருடமாக யாரும் எடுக்காத பேச்சு ஒன்று இருப்பது, இந்தக் கதையை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் கீரை அறுக்கிற ஆட்களை வயலுக்குக் கொண்டுபோகும் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். குளிர்காலத்தில் அறுவடை தெற்கே பாலைவன ஊரான யூமாவுக்கு இடம் மாறும். அவரும் பின்னாலேயே போவார். அவருடைய மூத்த மகள் நெரெய்தா பள்ளி முடித்த வருடம், 'ஃபாரோ' என்ற உதவித்தொகைத் திட்டத்தார் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிகாகோவில் கல்லூரி. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹசிந்தோ சமையலறையில் நின்றபடி ஒன்றே ஒன்று சொன்னார்.

"போறதுன்னா போ. திரும்ப இந்த வாசப்படியை மிதிக்காதே."

அவள் போகவில்லை. அழவும் இல்லை. கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அதுவரை அப்பாவை 'நீ' என்று கூப்பிட்டவள், மறுநாளிலிருந்து 'நீங்க' என்றாள். மரியாதை இப்படியும் வலிக்கும் என்று ஹசிந்தோவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது நெரெய்தா, கீரையைக் குளிரவைத்து லாரிகளில் ஏற்றும் கிடங்கில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் அதே ஃபாரோவில் வழிகாட்டி. நூலகத்து மேஜையில் பள்ளிப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, எந்தக் கல்லூரிக்கு எப்படி எழுத வேண்டும், நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். அந்தப் பெண்களில் ஒருத்தி அவளுடைய தங்கை இட்செல். போன மாதம் பாஸ்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்று இட்செலுக்கு இடம் கொடுத்தது. முழு உதவித்தொகை.

இந்த முறை ஹசிந்தோ உடனே சம்மதித்தார். கேட்பதற்கு முன்பே சம்மதித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இன்று மே முதல் தேதி. எந்தக் கல்லூரி என்று பிள்ளைகள் முடிவைச் சொல்லியாக வேண்டிய கடைசி நாள்.

* * *

காலையில் பள்ளத்தாக்கை மூடியிருந்த பனி இன்னும் விலகவில்லை. ஹசிந்தோ கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது முறையாகச் சட்டை மாற்றினார்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கே," என்றாள் மனைவி ஒஃபேலியா. அவள் சாலட் பொட்டலம் போடும் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே ஐஸ்பெட்டி மாதிரி குளிரும் என்பதால், வெளியே என்ன வெயில் அடித்தாலும் இரண்டு ஸ்வெட்டருக்குக் குறையாமல் போடுவாள்.

"மேடையில பேசச் சொல்லியிருக்காங்களே."

"தெரியுமே. ஒரு வாரமா அந்த பஸ்ஸுக்குள்ள உக்காந்து ஸ்டியரிங்குக்குப் பிரசங்கம் பண்றியே. தெருவே கேக்குது."

ஹசிந்தோவுக்குக் காது சிவந்தது. "தெருவேவா?"

"இட்செல் காதுல விழுந்துச்சு. அது போதாதா?" ஒஃபேலியா கதவருகே நின்றாள். "நெரெய்தாவைப் பத்தி என்ன சொல்லப் போறே?"

அவர் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"சொல்றேன். ரெண்டு வார்த்தை வச்சிருக்கேன்."

"அந்த ரெண்டு வார்த்தையை விட்டுடாதே. மத்ததை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை." அவள் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். "லீவு கேட்டேன், சூப்பர்வைசர் குடுக்கல. கேக் வெட்டினா எனக்கு ஒரு துண்டு எடுத்து வை."

* * *

நூலகத்துக் கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். மத்தியான நேரம். இந்த ஊர்க் காற்று வழக்கம்போலக் கிளம்பி, கதவு திறக்கும்போதெல்லாம் பலூன்களைச் சுவரில் அறைந்தது. வயல் வேலையிலிருந்து நேராக வந்த தகப்பன்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசை தேடினார்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபாரோவை நடத்தும் பெரால்டா டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். ஹசிந்தோவுக்கும் கொடுத்தாள். ஏழு வருடத்துக்கு முன் இதே பெரால்டா டீச்சர் நெரெய்தாவுக்காகப் பரிந்து பேச வீட்டுக்கு வந்தபோது, அவர் வேலிக் கதவைத் திறக்கவே இல்லை. வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்.

"வந்ததுல சந்தோஷம், அர்ரியாகா சார்," என்றாள் அவள், எதுவுமே நடக்காதது போல.

"டீச்சர், அன்னிக்கு..."

"உள்ள போய் உக்காருங்க. முதல்ல நீங்கதான் பேசறீங்க. நீங்க பேசினப்புறம் பிள்ளைங்க முடிவைச் சொல்லட்டும்."

நெரெய்தா கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கழுத்தில் ஃபாரோவின் மஞ்சள் பட்டை. அவள் பொறுப்பில் இருக்கும் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி மொய்த்து ஏதோ கேட்டுச் சிரித்தார்கள். மகள் இத்தனை சத்தமாகச் சிரிப்பாள் என்பதே ஹசிந்தோவுக்கு மறந்து போயிருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பைக் குறைத்து, தலையை லேசாக அசைத்தாள். அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்கிற வணக்கம் மாதிரி இருந்தது அது.

மேடையில் ஏறினார். மைக் அவர் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது. பஸ் ஓட்டத்தான் தெரியும்," என்று தொடங்கினார். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்குத் தைரியம் கொடுத்தது. "காலையில இருட்டுல நாப்பது பேரை ஏத்திட்டுப் போறேன். எல்லாரும் தூங்கிட்டே வருவாங்க. நான் கண்ணாடியில அவங்க முகத்தைப் பாப்பேன். நம்ம பிள்ளைங்க இந்த பஸ்ல ஏறக் கூடாதுன்னு நினைச்சுக்குவேன். பிள்ளைங்களுக்கு ரெக்கை முளைச்சா பறக்க விடணும். பொம்பளைப் பிள்ளையாச்சேன்னு வீட்டுக்குள்ள கட்டிப் போடக் கூடாது. நாம பயப்படறோம்கிறதுக்காக அவங்க காலை உடைக்கக் கூடாது."

முன்வரிசையில் ஒரு தாய் கண்ணைத் துடைத்தாள். யாரோ விசில் அடித்தார்கள்.

இங்கேதான் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்குள் ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்த்த இடம் இதுதான். 'இதை நான் என் மூத்த மகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். அவளுக்கு நான் செய்தது தப்பு.' ஹசிந்தோ தலையை நிமிர்த்தினார். பின்சுவரில் நெரெய்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார். ஆனால் அதில் இருந்தது எதிர்பார்ப்பு. ஒரு நொடிதான். அதைப் பார்த்ததும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நெரெய்தா மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

பிள்ளைகள் முடிவைச் சொல்ல ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் மேல்கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு மேடையேற வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் கோட்டைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே போட்டிருக்கும் சட்டையில் போகப்போகிற கல்லூரியின் பெயர் இருக்கும்.

ஒரு பையன் திறந்தான். நீலச் சட்டை, கூச்சல். ஒரு பெண் திறந்தாள். பச்சைச் சட்டை, அவள் தாய் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"இட்செல் அர்ரியாகா!"

இட்செல் வந்தாள். ஹசிந்தோ போனைத் தூக்கிப் பிடித்தார். ஒஃபேலியாவுக்குக் காட்ட வேண்டும். பாஸ்டன் கல்லூரிச் சட்டை செந்நிறம்; அஞ்சலில் வந்த அன்று ஒஃபேலியா அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள்.

இட்செல் கோட்டைத் திறந்தாள்.

உள்ளே சாம்பல் நிறச் சட்டை. இந்த ஊர்க் கல்லூரியின் பெயர். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருகிற கல்லூரி.

கூடம் ஒரு கணம் விழித்தது. பெரால்டா டீச்சர்தான் முதலில் கைதட்டினாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே பின்கதவு திறந்து மூடும் சத்தம் ஹசிந்தோவுக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

* * *

நூலகத்தின் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் நெரெய்தா, பின்னாலேயே ஓடிவந்த தங்கையின் தோளைப் பிடித்திருந்தாள். ஹசிந்தோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"என்னடி இது? விளையாட்டா? எத்தனை சனிக்கிழமைடி உன்கூட உக்காந்தேன்!" என்றாள் நெரெய்தா.

"விளையாட்டு இல்ல அக்கா. நான் இங்கயே படிக்கிறேன். என்ன குறைச்சல்? நீகூட அங்கதானே ராத்திரி கிளாஸ் போனே."

"நான் போனதுக்கும் நீ போறதுக்கும் வித்தியாசம் இல்லையா? எனக்கு வேற கதவு இல்லடி. உனக்குத் திறந்து வச்சிருக்கு!"

"அதான் எனக்குப் பிடிக்கல." இட்செல் அப்பா பக்கம் திரும்பினாள். பதினேழு வயது முகம் கல்லாக இருந்தது. "அப்பா, ரெண்டு சட்டையும் பையில வச்சிருந்தேன். நீ பேசறதைக் கேட்டுட்டு எதைப் போடலாம்னு முடிவு பண்ணலாம்னு நினைச்சேன். அக்கா பேரு வருமான்னு பாத்தேன். வரல. ஒரு தடவைகூட வரல."

ஹசிந்தோ கையில் இன்னும் பிடித்திருந்த போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"ரெக்கை, பறக்கறதுன்னு அவ்வளவு பேசினியே. யாரு ரெக்கையை யாரு வெட்டினா? ஊரே உனக்குக் கைதட்டுது, அக்கா செவுத்தோரமா நிக்கிறா. அவளுக்குக் குடுக்காததை எனக்கு அள்ளிக் குடுக்கிறே. அதை வாங்கிட்டு நான் எப்படிப்பா விமானம் ஏறுவேன்?"

"நிறுத்துடி," என்றாள் நெரெய்தா. சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. "எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் சொல்லாதே. ஒரு தடவை என்னை அந்தக் கதவுகிட்டருந்து இவரு இழுத்துட்டு வந்தாரு. இப்ப நீ. எனக்குன்னு ஒரு ஜெயம் இருக்குன்னா அது நீ போறதுதான். அதையும் பிடுங்கிட்டே."

இட்செல் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா..."

"எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

"நெரெய்தா, கண்ணு, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்..." என்று ஹசிந்தோ ஒரு அடி முன்னால் வைத்தார்.

அவள் கார்க் கதவைத் திறந்தபடி நின்றாள். "தெரியும். அம்மா சொன்னா, ரெண்டு வார்த்தை வச்சிருக்கீங்கன்னு. அதுக்காகத்தான் கடைசிவரை நின்னேன்."

கார் போய்விட்டது.

அன்று சமையலறையில் சொன்ன ஒரு வாக்கியம், அது முடிந்துபோன விஷயம் என்றுதான் ஹசிந்தோ இத்தனை நாளாக நினைத்திருந்தார். அது முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, இன்றைக்கு இளைய மகளின் உடம்பில் சாம்பல் நிறச் சட்டையாக வந்து நின்றது. பெற்றவன் வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பொறுக்கி எடுக்கிற வித்தை யாருக்குத் தெரியும்?

அவர் திரும்பிக் கூடத்துக்குள் நடந்தார்.

"எங்கப்பா போறே?" என்று இட்செல் பின்னால் ஓடிவந்தாள்.

உள்ளே கேக் வெட்டியாகிவிட்டது. எல்லோர் கையிலும் காகிதத் தட்டு. குழந்தைகள் பலூனைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. ஹசிந்தோ மேடையேறி மைக்கைத் தட்டினார். அது கீச்சென்று கத்த, எல்லோரும் திரும்பினார்கள்.

"மன்னிக்கணும். ஒரு பேரை விட்டுட்டேன்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் மெதுவாக நின்றன.

"நெரெய்தா. என் பெரிய பொண்ணு. இங்க இருக்கிற பல பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதே மாதிரி ஒரு மே மாசத்துல அவளும் ஜெயிச்சா. நான்தான் விடல. நான் பயந்தவன். பயத்தைக் கோபம்னு சொல்லி வீட்டுல நடமாடினேன். அந்த டீச்சரை வாசல்ல நிக்க வச்சுத் துரத்தினேன். இப்ப இங்க வந்து பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டேன், நீங்களும் கைதட்டிட்டீங்க. அந்தக் கைதட்டல் அவளுக்குச் சேர வேண்டியது. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. தட்டுவதா கூடாதா என்று தெரியாமல் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹசிந்தோவின் கண் தானாகப் பின்சுவருக்குப் போனது. அங்கே மடக்கிச் சாய்த்த நாற்காலிகள்தான் இருந்தன.

கேட்க வேண்டியவள் இருந்தபோது வாய் வரவில்லை. வாய் வந்தபோது அவள் இல்லை.

பெரால்டா டீச்சர் மேடையோரம் வந்து அவர் முழங்கையைத் தொட்டாள். "இறங்குங்க, படி பாத்து," என்றாள்.

இட்செல் கழிப்பறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது செந்நிறச் சட்டை போட்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. போனைத் திறந்து பாஸ்டன் கல்லூரியின் பக்கத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினாள்.

"அக்காவுக்காகப் போறேன்னு நினைக்காதே. உனக்காகவும் இல்ல. எனக்கு உண்மையிலேயே போகணும்பா. ரொம்ப ஆசையா இருக்கு. அதான் பயமாவும் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்மா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் வாழ்த்துபோல வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் போட்டாள்.

* * *

பொழுது சாயும் நேரத்தில் ஹசிந்தோ கிடங்கு வாசலில் தன் பழைய டிரக்கை நிறுத்தினார். இட்செலை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, காகிதத் தட்டில் ஒரு கேக் துண்டோடு இறங்கினார். ஒஃபேலியாவின் துண்டு தனியாக இருக்கையில் இருந்தது.

லாரிகள் வரிசையாக முதுகைக் காட்டி நின்றன. திறந்த கதவுகளிலிருந்து குளிர் புகையாக வழிந்தது. நெரெய்தா தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டு லாரிக்காரன் ஒருவனை விரட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றியபடி வந்தாள்.

"சட்டையை மாத்திட்டா," என்றார்.

"போட்டோ அனுப்பியிருக்கா. பாத்தேன்." அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனது. "நீங்க மறுபடி மேடையேறினதையும் டீச்சர் போன் பண்ணிச் சொன்னாங்க."

"நீ கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

அவர் கேக்கை நீட்டினார். அவள் வாங்கி, பக்கத்திலிருந்த பெட்டி மேல் வைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு வந்தீங்களா அப்பா?"

"இல்ல." அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது. "ஆமா."

"இன்னும் எனக்கு அது வரல. வந்தா நானே சொல்றேன். வரலைன்னா, வரலைன்னு விட்டுடுங்க." அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். இன்னிக்கே சொல்லிடறேன், நாளைக்குத் தைரியம் போயிடும். நானும் போறேன். இட்செல் போறதுக்கு முன்னாடியே. அனுமதி கேக்கல, சொல்றேன்."

ஹசிந்தோவின் நெஞ்சுக்குள் பழைய ஆள் ஒருவன் எழுந்து நின்றான். அதே சமையலறை, அதே வாக்கியம். அவனைத் தோளைப் பிடித்து உட்காரவைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"படிக்கவா?" என்றார்.

"படிக்கவும்தான்." அவள் எங்கோ பார்த்தாள். "தனியாப் போகல."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. உள்ளிருந்து யாரோ அவள் பெயரைக் கூவினார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து கேக் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

யாரோடு என்று கேட்க ஹசிந்தோவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மற்றத் தகப்பன்கள் சட்டென்று கேட்டுவிடுகிற கேள்விதான். ஆனால் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னவன், யாரோடு போகிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பது?

டிரக்கில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"என்னப்பா? அக்கா என்ன சொன்னா?"

"பாதி சொன்னா."

"மீதி?"

"மீதியைக் கேக்கிற உரிமை எனக்கு இருக்கான்னு தெரியல, கண்ணு."

இட்செல் அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியே கிடங்கைப் பார்த்தாள். ஏதோ தெரிந்தவள் போலச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹசிந்தோ அதைக் கவனித்தார். ஆனால் அவளிடமும் கேட்கவில்லை.